செம்பூ விழாத நாள்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலத்தில், பொன்னாவரம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு ஆற்றில் ஓடம் விட்டாள் அல்லியங்கோதை. துடுப்பைக் கையில் எடுத்தால் போதும், பாட்டு தானாக வரும் அவளுக்கு.

ஒரு நாள் தூமகேது என்ற மந்திரவாதி அந்த ஓடத்தில் ஏறினான். இறங்கும்போது ஒரு வட்டக் கண்ணாடியை நீட்டினான்.

"பெண்ணே, இதன் முன்னால் பாடு. ஏழு நாட்டுக் கடைத்தெருவிலும் இதே மாதிரிக் கண்ணாடி உண்டு. அங்கெல்லாம் உன் பாட்டுக் கேட்கும். பிடித்தவர்கள் கண்ணாடியை விரலால் தொட்டால், உன் மடியில் ஒரு செம்பூ விழும். நாலு பேரைக் கூட்டி வந்து கேட்க வைத்தால், வெள்ளைப் பூ விழும்."

"இனாமாகவா?"

"இனாம்தான். ஆனால், உன் பாட்டு ஒருவருக்குமே பிடிக்காத நாள் வந்தால், உன் குரல் எனக்கு."

கோதை சிரித்தாள். ஒருவருக்குக் கூடவா பிடிக்காமல் போகும்?

முதல் நாள் ஆற்றைப் பற்றிப் பாடினாள். மூன்று பூ விழுந்தது. துள்ளிக் குதித்தாள். இரண்டாம் நாள் அரசியின் மூக்கைக் கேலி செய்து பாடினாள். முந்நூறு பூ! மூன்றாம் நாள், துக்கமே இல்லாமல் தேம்பித் தேம்பிப் பாடினாள். மூவாயிரம்!

அதன் பிறகு, மூவாயிரம் விழுந்தால் ஏன் நாலாயிரம் விழவில்லை என்று சோறு இறங்கவில்லை. துடுப்பைத் தொடவில்லை.

"அக்கரைக்குப் போகணும் தாயீ!" என்று கரையிலிருந்து கூப்பிட்டால், "பூ விழட்டும், இருங்கள்!" என்பாள்.

ஒரு நாள் காலை, வேறொரு நாட்டுக் கண்ணாடி முன்னால் ஏதோ ஒரு கழுதை ஆடியது. ஏழு நாடும் அதைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. கோதை பாடினாள், பூ இல்லை. மறுபடியும் பாடினாள், பூ இல்லை. மூன்றாவது தடவை பாடினாள். தூமகேதுதான் வந்தான், கையில் வெறும் குப்பியோடு.

"குரலைக் கொடு."

கோதை கரையைக் காட்டினாள். "கரையில் மூன்று பேர் நிற்கிறார்கள் ஐயா. கடைசியாக ஒரு தடவை பாடி, அவர்களை அக்கரையில் விட்டுவிடுகிறேன்."

"விடு. நானும் ஏறிக்கொள்கிறேன்."

கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள். தாங்கிய தண்ணீருக்கு நன்றி, காத்திருந்த கால்களுக்கு நன்றி என்று பாடினாள். ஏறியிருந்த மூவரும் கூடவே முணுமுணுத்தார்கள்.

பாட்டு முடிந்ததும் மந்திரவாதி குப்பியை அவள் தொண்டையருகே பிடித்தான். குரல் வரவில்லை. குப்பிதான் விரிசல் விட்டது.

"இதென்ன? ஒருவரும் கண்ணாடியைத் தொடவில்லையே!"

"எப்படித் தொடுறதாம்?" என்று சாயக்காரி நாச்சாத்தா நீலக் கைகளை விரித்தாள். "இந்தக் கை பட்டா உன் கண்ணாடி என்னத்துக்கு ஆகும்?"

குயவர் மருதையாவின் கையெல்லாம் களிமண். "இந்தப் பொண்ணு பாட்டுக்குத்தான் என் சக்கரமே சுத்துது" என்றார் அவர்.

மீன்காரி செங்கமலத்தின் கையெல்லாம் செதில். "ஆத்துப் பாட்டைப் பாடித்தான் என் பிள்ளையைத் தூங்க வைக்கிறேன். அந்த அழுகைப் பாட்டு மட்டும் சுமார்."

கோதைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?"

"நீ எங்கடி எங்களைப் பார்த்தே? பூவைத்தானே பார்த்துக்கிட்டிருந்தே!"

குப்பி படாரென்று வெடித்தது. தூமகேது புகையாகிப் போனான். கண்ணாடி உருகித் தண்ணீராகி ஓடத்துக்குள் பரவியது. செங்கமலம் அதை மீன் சட்டியால் அள்ளி ஆற்றில் கொட்டினாள்.

கோதை மூவர் கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகமெல்லாம் நீலமும் மண்ணுமாகிவிட்டது. கொஞ்சம் மீன் வாடையும்தான். அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ஓடம் கரை சேர்ந்தது. வந்தவர்கள் இறங்கினார்கள். இதுவரை காது கொடுத்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கட்டும்!