ஆள்காட்டி போன கரடு

பஞ்சி என்ற முயலுக்குப் பகல் தூக்கம் பறிபோய் வெகுநாள் ஆகிவிட்டது.

பஞ்சி குடியிருந்தது எருமைக்கரட்டின் அடிவாரத்தில், ஓர் ஆவாரம் புதருக்குள். தூரத்திலிருந்து பார்த்தால் எருமை ஒன்று கால் மடக்கிப் படுத்திருப்பதுபோல இருக்கும், அதனால் அந்தக் குன்றுக்கு அந்தப் பெயர். குன்றுக்குப் பின்பக்கம் ஏரி. முன்பக்கம் ஊரிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை. பாதைக்கும் குன்றுக்கும் நடுவே கூழாங்கற்கள் இறைந்து கிடக்கும் ஒரு பொட்டல்.

அந்தப் பொட்டலில்தான் வம்பே இருந்தது. அங்கே நெட்டைக்காலி என்கிற ஆள்காட்டிக் குருவி தன் துணையோடு வாழ்ந்தது. கூடு கீடு எதுவும் கிடையாது. கல்லோடு கல்லாக வெறுந்தரையில் முட்டை இடும். அந்தப் பக்கம் ஏதாவது அசைந்தால் போதும், வானத்துக்கும் பூமிக்குமாகப் பறந்து, "டிட்டி! டிட்டிட்டீ!" என்று குன்றே அதிரும்படி கத்தும். விறகு பொறுக்க வந்தவளுக்கும் கத்தும். வழி தவறிய கன்றுக்குட்டிக்கும் கத்தும்.

அது கத்தியதும் கௌதாரிகள் முள்ளுக்குள் நுழையும். உடும்பு பாறை இடுக்கில் உடம்பைச் செருகிக்கொள்ளும். பஞ்சி தன் குட்டிகளைப் புதருக்குள் இழுத்துக்கொள்ளும். கத்தல் காதில் விழுவதும் கால்கள் பதுங்குவதும் அவற்றுக்கு ஒன்றாகிப் போயிருந்தன. மூச்சு விடுவதை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? அதுபோல இதையும் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

பஞ்சிக்கு இரண்டு குட்டிகள். மூத்தவன் கொள்ளு, இளையவள் எள்ளு. ராத்திரி மேய்ந்துவிட்டு வந்து, பகலில் குட்டிகளை அணைத்துக்கொண்டு கண்ணை மூடும் நேரம் பார்த்துத்தான் நெட்டைக்காலி கத்தும். குட்டிகள் விலுக்கென்று எழுந்து நடுங்கும். எள்ளு அழவே ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் காலையிலிருந்து நெட்டைக்காலி ஓயவே இல்லை. பஞ்சிக்குப் பொறுக்கவில்லை. நேராகப் பொட்டலுக்குப் போனது.

"ஏனுங்கக்கா! இப்ப எதுக்குக் கத்தினீங்க?"

"மாடு வந்துச்சு புள்ள!"

"மாட்டுக்குமா ஊரைக் கூட்டுவீங்க? பொழுதன்னைக்கும் இதே பொழப்பா? என் புள்ளைங்க கண்ணு மூட வேண்டாமா?"

"மாடு மிதிச்சா என் முட்டை மிஞ்சுமா? வர்றது மாடா மனுசனான்னு நான் நின்னு பார்த்துட்டு இருந்தா, அதுக்குள்ள கிட்ட வந்துரும். அசையறது எதுவா இருந்தாலும் நான் கத்திருவேன்!"

பஞ்சி முன்னங்காலைத் தரையில் தட்டியது.

"எத்தனை வருசமா கத்தறீங்க! இந்தக் கரட்டுல யாரையாவது நாய் புடிச்சிருக்கா? யாராவது வலையில விழுந்திருக்கோமா? சொல்லுங்க பார்ப்போம்!"

நெட்டைக்காலி யோசித்துப் பார்த்தது.

"இல்லைதான்."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூப்பாடு?"

பாவம், நெட்டைக்காலிக்குக் கத்தத்தான் தெரியும், வாதாடத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு முட்டைகளின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. பஞ்சி ஜெயித்துவிட்ட பெருமையோடு திரும்பி வந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் "டிட்டிட்டீ!" என்று கேட்டது.

அன்றைக்குத்தான் பஞ்சியின் மனதில் அந்தக் கெட்ட எண்ணம் விழுந்தது.

பக்கத்துத் தோட்டத்துச் செம்மறி மந்தை தினமும் பொட்டலைச் சுற்றிக்கொண்டுதான் மேயப் போகும். குறுக்கே போனால் நெட்டைக்காலி தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து விரட்டும். மந்தைக்கு முன்னால் நடப்பது முறுக்கன் என்ற கிடா. கொம்பு பெரிது, புத்தி சிறிது. பஞ்சி வேலி ஓரமாகப் போய் அதனிடம் பேச்சுக் கொடுத்தது.

"என்ன மாமா, கோடை மழை பேஞ்சு பொட்டல்ல கொழுக்கட்டைப் புல்லு பச்சைப் பசேல்னு துளிர்த்துக் கெடக்கு. நீங்க என்னடான்னா ஊரைச் சுத்திப் போறீங்க?"

"அந்தக் குருவி விட மாட்டேங்குதே!" என்றது முறுக்கன்.

"அது கொத்துமா? கடிக்குமா? வெறும் வாய்தான! இத்தாப் பெரிய கொம்பை வெச்சுக்கிட்டு ஒரு குருவிக்குப் பயப்படறீங்கன்னு கௌதாரியெல்லாம் சிரிக்குதுங்க மாமா!"

கௌதாரி எதுவும் சிரிக்கவில்லை. ஆனால் முறுக்கனுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாரு சிரிச்சது? நாளைக்கே நடுப் பொட்டல்ல நடந்து காட்டறேன்!"

மறுநாள் மந்தை முழுவதும் பொட்டலுக்குள் இறங்கியது. நெட்டைக்காலி கத்தியது. தலைக்கு மேலே பாய்ந்தது. கடைசியில், முட்டைகளுக்கு முன்னால் இறக்கையை விரித்துக்கொண்டு தரையில் நின்றது. முறுக்கன் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. அதன் பின்னால் அத்தனை ஆடுகளும் நடந்தன.

பஞ்சி புதருக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தது. மந்தை போன பிறகு நெட்டைக்காலியும் அதன் துணையும் கல் கல்லாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தன. போன இடத்துக்கே திரும்பித் திரும்பி வந்தன. 'அதனால என்ன, இன்னொரு தடவை இட்டுக்கும்' என்று பஞ்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சாயங்காலம் நெட்டைக்காலி ஆவாரம் புதர் அருகே வந்து இறங்கியது.

"பஞ்சி, நாங்க ஏரிப் பக்கம் போறோம். இனிமே இங்க மனசு தங்காது. புள்ளைங்களைப் பத்திரமா பார்த்துக்க."

இந்தக் காரியம் யார் செய்தது என்று அதற்குத் தெரியாது. பஞ்சி தலையை மட்டும் ஆட்டியது.

அதன் பிறகு குன்றில் அப்படி ஓர் அமைதி! பஞ்சி வயிறு நிறைய மேய்ந்தது, கண் நிறையத் தூங்கியது. குட்டிகள் கொழுகொழுவென்று ஆயின. "நல்ல வேலை செஞ்சோம்" என்று பஞ்சி நினைத்தது. நெட்டைக்காலியின் ஞாபகம்கூட மெல்ல மெல்லப் போய்விட்டது.

ஒரு நாள் பிற்பகல். கொள்ளு புதருக்கு வெளியே தலையை நீட்டியது.

"அம்மா, வெளிய போய் விளையாடட்டுமா?"

பஞ்சி அரைத் தூக்கத்தில் கேட்டது. "யாராச்சும் வர்றாங்களா பாரு."

"ஆள்காட்டிப் பெரியம்மா கத்தவே இல்லையே! யாரும் வரலம்மா!"

"அப்பச் சரி, போங்க" என்று சொல்லிவிட்டுப் பஞ்சி மறுபடி கண்ணை மூடியது.

குட்டிகள் துள்ளிக்கொண்டு பொட்டலுக்கு ஓடின. கத்தல் கேட்டால் ஆபத்து, கேட்காவிட்டால் ஆபத்து இல்லை. பிறந்ததிலிருந்து அவை கற்றுக்கொண்ட பாடம் அதுதான். கத்துவதற்கு அங்கே ஆளே இல்லை என்பது அந்தச் சின்னத் தலைகளுக்கு எட்டவில்லை. பெரிய தலைக்கே எட்டவில்லையே!

ஒற்றையடிப் பாதையில் வேட்டைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கையில் வலை. கூடவே இரண்டு நாய்கள். அவர்கள் பொட்டலை நெருங்கும்வரை குன்றில் ஓர் இலைகூட அசையவில்லை. முள்ளுக்கு வெளியே கௌதாரிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. உடும்பு பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அம்மா!" என்று எள்ளு அலறிய சத்தத்தில்தான் பஞ்சி எழுந்தது.

பாய்ந்து வெளியே வந்தது. நாய்களின் கண்ணில் படும்படி குறுக்கே ஓடியது. "என்னைப் புடிங்க! என்னைப் புடிங்க!" என்று கத்திக்கொண்டே குன்றின்மேல் ஏறியது. ஒரு நாய் அதன் பின்னால் வந்தது. இன்னொரு நாய் வரவில்லை.

பஞ்சி முள்ளிலும் பாறையிலும் புகுந்து, அந்த நாயை அலைக்கழித்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது பொட்டல் வெறிச்சோடிக் கிடந்தது. பாதையில் ஒருவன் தோளில் கோணிப்பை தொங்கியது. கொள்ளும் எள்ளும் அதற்குள்தான் இருந்தன. பஞ்சி பார்த்துக்கொண்டே நின்றது. கோணிப்பை கண்ணுக்கு மறைகிறவரை அது அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

மறுநாள் பஞ்சி குன்றைச் சுற்றிக்கொண்டு ஏரிக்குப் போனது. வறண்ட கரையில் நெட்டைக்காலி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது.

"வா பஞ்சி! வாடிப் போயிட்டியே! புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?"

பஞ்சியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதது. நாய் வந்ததைச் சொன்னது. கோணிப்பையைச் சொன்னது. அப்புறம் தலையைத் தரையோடு வைத்துக்கொண்டு மீதியையும் சொன்னது.

"அன்னைக்கு ஆட்டை அனுப்பினது நான்தான் அக்கா."

நெட்டைக்காலி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எந்நேரமும் கத்துகிற குருவி பேசாமல் இருப்பதைப் பார்க்கப் பஞ்சிக்குப் பயமாக இருந்தது.

"ஆட்டைத்தான் இத்தனை நாளும் வைதுட்டு இருந்தேன்" என்றது கடைசியில். "உன்னைய நான் நினைக்கவே இல்ல புள்ள."

"மன்னிச்சிருங்க அக்கா! திரும்ப வந்துருங்க. எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க!"

"எப்படி வர்றது? இங்க முட்டை இட்டுட்டேன். விட்டுட்டு வர முடியாது." அது கொஞ்சம் தயங்கியது. "உன்மேல எனக்குக் கோபந்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனாலும் நீ வேணும்னா இங்க வந்து கோரைக்குள்ள இருந்துக்க. நான் கத்தினா உனக்கும் கேட்கும். புள்ளைங்களுக்கு இது நல்ல எடம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அதற்கு உறைத்தது.

பஞ்சி எழுந்தது.

"யாரைக் கூட்டிக்கிட்டு வரட்டும் அக்கா?" என்று கேட்டுவிட்டு, வந்த வழியே தனியாகத் திரும்பி நடந்தது.

காவல் இருப்பதால்தான் ஆபத்து நம்மை அண்டவில்லை என்பதை மறந்து, ஆபத்துதான் வருவதில்லையே என்று காவலை விரட்டுகிறவர்கள், இழக்கக் கூடாததை இழந்த பிறகே காவலின் அருமையை உணர்வார்கள்.