பேச்சியம்மாள் எழுதிய காரணம்

விருதுநகரில் தையல் கடை வைத்திருந்த பேச்சியம்மாளுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரம் இரண்டு முறை மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். திடீரென்று காப்பீட்டுக் கம்பெனி அனுமதியை நிறுத்திவிட்டது. அவள் நேரே மேலாளர் தணிகாசலத்திடம் போனாள்.

"போன வாரம்தானே செஞ்சீங்க? திரும்பவும் எதுக்கு? காரணம் எழுதிக் குடுங்க" என்றார் அவர், இளநீரை உறிஞ்சியபடி.

"யோசிச்சு எழுதுறேன் சார்" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சற்று நேரத்தில் தணிகாசலம் அவசரமாகக் கழிப்பறைக்குக் கிளம்பினார்.

"காலையிலதானே போயிருப்பீங்க சார், திரும்பவும் எதுக்கு?"

"என்னம்மா கேள்வி இது? உடம்புன்னா போய்த்தானே ஆகணும்!"

"எனக்கு அந்த வேலையை மெஷின் செய்யுது சார். நீங்க சொன்ன காரணத்தையே எழுதிடட்டுமா?"

அலுவலகமே சிரித்தது. தணிகாசலமும் சிரித்துவிட்டார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக, வருஷம் முழுவதற்கும் அனுமதி போட்டுக் கொடுத்தார்.