தேருக்கு முட்டுக்கட்டை வந்த கதை

அந்தக் காலத்தில், மரக்கட்டைக்கும் வாய் இருந்த காலத்தில், தேருக்கு வடம் கிடையாது. தானாகவே ஓடும். நாலு வீதியையும் எட்டிப் பார்க்கும் உயரம் இருக்கிறதே என்று ஊரார் கூடி அதையே தலைவராக்கினார்கள். உயரத்தைப் பார்த்தார்களே, எடையை யோசித்தார்களா? இல்லை.

பதவி வந்ததும் தேருக்குத் தலைகால் புரியவில்லை. நினைத்த தெருவில் நுழையும். யாராவது வாய் திறந்தால், "நீங்கதானே என்னைத் தலைவராக்கினீங்க? ஒதுங்குங்க!" என்று உருண்டுவிடும்.

ஒருநாள் தெற்கு வீதி முனைக்கு வந்தது. அங்கே திரும்ப வேண்டும். முனையில் வடிவாச்சியின் குடிசை. உள்ளே தொட்டிலில் அவள் பிள்ளை தூங்குகிறது.

"திரும்பறது எனக்குச் சிரமம். நேராப் போகப் போறேன். குடிசையைப் பிரி" என்றது தேர்.

"பிரிக்க மாட்டேன்" என்றாள் வடிவாச்சி.

"நான் தலைவர்!"

"இருந்துட்டுப் போ. என் பிள்ளை தூங்குற இடத்துல உனக்கென்ன அதிகாரம்?"

சக்கரம் நகர்ந்தது. ஊரே ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது, வெட்கக்கேடு! அவள் வாசலில் உட்காரப் போட்டிருந்த கட்டை ஒன்று கிடந்தது. தேரைச் செதுக்கியபோது கழித்துப்போட்ட இலுப்பைத் துண்டு. அது கத்தியது: "அக்கா, என்னைச் சக்கரத்துக்கு அடியில போடு! அவனும் நானும் ஒரே மரம். அவன் கனத்தை நான் தாங்குவேன்!"

போட்டாள். சக்கரம் ஏறியதில் கட்டையின் ஒரு பக்கம் நசுங்கிச் சரிந்தது. ஆனாலும் அது நகரவில்லை. தேர் முக்கியது, மிரட்டியது. "தம்பி, உனக்கும் ஒரு பதவி தர்றேன்" என்று கெஞ்சியும் பார்த்தது. ம்ஹூம்! ஒரு பக்கச் சக்கரம் நிற்க, மறுபக்கம் உருள, வேறு வழியில்லாமல் திரும்பியது. பிள்ளை கண் விழிக்கவே இல்லை.

அப்போதுதான் ஊராருக்கு ரோஷம் வந்தது. வடம் திரித்துக் கொண்டுவந்து தேரில் கட்டினார்கள். "இனிமே நாங்க இழுத்தாத்தான் நீ நகரணும்!" அதோடு விட்டார்களா? கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இனி நீதான் தலைவர்" என்று ஆட ஆரம்பித்தார்கள்.

"நல்லா இருக்குய்யா உங்க புத்தி!" என்று சீறியது கட்டை. "நான் அடியிலேயே கிடந்தா தேர் எப்படி நிலைக்கு வரும்? எனக்கும் ஒரு பிடி போடுங்க. வைக்கிறதும் எடுக்கிறதும் உங்க கையில இருக்கட்டும்."

அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம்தான் இது. எவ்வளவு பெரிய தேரானாலும் ஊர் கூடி இழுத்தால்தான் நகரும். முனை வந்துவிட்டால், பிடி போட்ட அந்தச் சின்னக் கட்டைக்கு அடங்கித்தான் திரும்பும்.