நடு ஆற்றுத் திட்டு

ஆற்றுக்கு இக்கரை ஒரு மாவட்டம், அக்கரை இன்னொரு மாவட்டம். செங்கமலத்தின் புருஷன் மணல் அள்ளிய பள்ளத்தில் மூழ்கிச் செத்து, நடு ஆற்று மணல் திட்டில் கிடந்தான். ஈ மொய்த்தும் இரு மாவட்டத்துத் தாசில்தார்களும் கிட்டே வரவில்லை.

"திட்டு எங்க எல்லையில இல்லம்மா, அவரைக் கேளு," என்றார் இக்கரைத் தாசில்தார். அக்கரைத் தாசில்தாரும் அதையே சொன்னார்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கரையில் நின்ற மாட்டுவண்டிக்காரர்களைக் கூப்பிட்டாள்.

"திட்டு யாருக்கும் சொந்தமில்லையாம். வந்து மணலை அள்ளிக்கிட்டுப் போங்கப்பா!"

"யாரைக் கேட்டு அள்றது? இது எங்க எல்லை!" இரண்டு தாசில்தார்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள்.

"அப்ப என் புருஷனும் உங்க எல்லையிலதான் கிடக்காரு ஐயா. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்குங்க."

வேறு வழியில்லாமல் தூக்கினார்கள். பள்ளம் மட்டும் இன்றுவரை எந்த மாவட்டத்திலும் சேராமல் வாய் பிளந்து கிடக்கிறது.