வால் வந்து சேரும் வரை

"மிஸ், எனக்கு மு... மு... முதல் எழுத்துதான் எதிரி" என்றார் கயத்தான்.

ஜெபக்கனி மிஸ் கரும்பலகையை அழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

யூ.கே.ஜி. பிள்ளைகள் உட்காரும் நாற்காலி ஒன்றில், முழங்கால் இரண்டும் மார்பைத் தொட, நாற்பத்தாறு வயது மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பள்ளி விட்டு அரை மணி ஆகியிருந்தது.

"என்ன வேலை பாக்கீங்க, அண்ணாச்சி?"

"துறைமுகத்துல. டக் போட்டுல சுக்கான் பிடிக்கேன்."

பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரைசேர்க்கும் இழுவைப் படகுக்குத்தான் டக் என்று பெயர்.

"இங்க யாரு அனுப்பினது?"

"டவுன்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போனேன் மிஸ். ரெண்டு மாசத்துல அவங்களே என்னை அ... அனுப்பி வச்சிட்டாங்க. பேசாத பிள்ளையையும் பேச வைக்கது நீங்கதான்னு ஊர்ல சொன்னாங்க."

"பேசாத பிள்ளை மாதிரி தெரியலியே."

கயத்தான் சிரிக்கவில்லை.

"மாஸ்டர் பரீட்சை மிஸ். பாஸானா படகு என் பொறுப்பு. ஓட்டுறதுல எல்லாம் பாஸ். வயர்லெஸ்ல பேசுறதுல ரெண்டு தடவை ஃபெயில். இது மூணாவது. இதுக்கு மேல எ... எழுத விடமாட்டாங்க."

"என்ன பேசணும்?"

அவர் விளக்கினார். கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரி ஆங்கிலத்தில் ஓர் உத்தரவு கொடுப்பார். படகில் இருப்பவர் பட்டனை அழுத்த வேண்டும். படகின் பெயரைச் சொல்லி, வந்த உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லி, ஓவர் என்று முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

"அந்த ஓவர் வரைக்கும் நான் ஒ... ஒருநாளும் போனதில்ல மிஸ். இப்ப மாஸ்டரா இருக்க இன்னாசி அண்ணன் என்ன சொல்லுவாரு தெரியுமா? ஏலே, நீ பட்டனை அமுக்கி வாயைத் தொறக்கதுக்குள்ள கப்பல் கொழும்பு போய்ச் சேர்ந்திரும்லேன்னு."

ஜெபக்கனி மிஸ் கையிலிருந்த டஸ்டரை அவரிடம் நீட்டினார்.

"இதுதான் வயர்லெஸ். பேசிக் காட்டுங்க."

கயத்தான் டஸ்டரை வாய்க்கு அருகில் பிடித்தார். கட்டைவிரலால் அழுத்தினார்.

"ட்... ட்..."

விரலை எடுத்தார். மூச்சு வாங்கினார். மறுபடி அழுத்தினார்.

"ட்..."

விரலை எடுத்தார். மறுபடி அழுத்தினார்.

"டக் ஃபோர், ப்... ப்..."

விரலை எடுத்தார்.

"விரலை எதுக்கு எடுக்கீங்க?"

"திக்குறது அந்தப் பக்கம் கேக்கக் கூடாதுல்லா. எடுத்துட்டு, திரும்ப முதல்ல இருந்து வருவேன்."

"அந்தப் பக்கம் என்ன கேக்கும்?"

"விட்டு விட்டுக் கேக்குதுன்னு எழுதியிருந்தாங்க. ரெண்டு தடவையும்."

மிஸ் டஸ்டரை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"பரீட்சை என்னைக்கு?"

"இன்னும் பன்னிரண்டு நாள்."

"ஷிப். இந்த வார்த்தைக்கு வால் என்ன?"

"வாலா?"

"வார்த்தையோட கடைசிச் சத்தம். எங்க கிளாஸ்ல அதுக்கு வால்னுதான் பேரு. ஷிப், லிப். தலை வேற, வால் ஒண்ணு. அதே வால் இருக்கற வார்த்தையெல்லாம் பிடிச்சிக்கிட்டு நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு வாங்க."

"பிள்ளைங்க இருக்குமே, மிஸ்?"

"அவங்க இல்லாம எப்படி?"

*

மறுநாள் கயத்தான் பதினாறு வார்த்தைகளோடு வந்தார். கிரேன் ஓட்டுகிறவரிடம் கேட்டு, சுங்க அலுவலகத்துக் கிளார்க்கிடம் கேட்டு, ஒரு தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார்.

மிஸ் தாளை வாங்கி மடித்துக் கதவிடுக்கில் செருகினார். காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த கதவு நின்றது.

"உக்காருங்க."

பதினான்கு பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இடம் காலியாக இருந்தது.

விளையாட்டு இதுதான். மிஸ் ஒரு வார்த்தை சொல்வார். அதே வாலுள்ள வேறு வார்த்தையை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்லக் கூடாது. ஒருவர் வாயைத் திறந்ததும் மற்ற எல்லாரும் உள்ளங்கையை உயர்த்துவார்கள். வால் சரியாக வந்தால் கைகள் ஒன்றாகத் தரையில் அறையும். தப்பாக வந்தால் அறையாது.

"ஷிப்" என்றார் மிஸ்.

"லிப்."

படார்.

"சிப்."

படார்.

"கிளிப்" என்றாள் ஷெரின் என்ற சிறுமி, தலையில் இருந்ததைத் தொட்டுக்கொண்டு.

படார்.

"மிப்" என்றான் ஒருவன்.

கைகள் மேலே நின்றன.

"மிப்னா என்னலே?" என்றார் மிஸ்.

"எங்க வீட்டுப் பூனை."

மிஸ் யோசித்தார். தன் கையாலேயே தரையில் அறைந்தார். வகுப்பும் அறைந்தது.

கயத்தான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். அவருடைய பதினாறு வார்த்தைகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. லகுவானவை எல்லாம் போயின. 'ட்ரிப்' மட்டும் யார் கையிலும் சிக்காமல் கிடந்தது. யாராவது அதை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று பார்த்தார்.

பக்கத்திலிருந்த லிங்கேஷ், "ஜிப்" என்றான்.

படார்.

அடுத்தது கயத்தான்.

"ட்..." என்றார்.

பதினான்கு உள்ளங்கைகள் மேலே போயின.

"ட்... ட்..."

வாயை மூடினார். தலையை உதறினார். முதலிலிருந்து வரப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவர் வாயைப் பார்க்கக்கூட இல்லை. தரையில் அறைய வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு கைகளும் அந்தரத்தில் தொங்கின.

பிள்ளைகளுக்குக் கை வலிக்குமே என்று கயத்தானுக்குத் தோன்றியது. திரும்பிப் போக நேரமில்லை.

"ட்... ட்... ட்... ட்ரிப்."

படார்!

கட்டடமே குலுங்கியதுபோல் இருந்தது அவருக்கு. அதற்குள் அடுத்த பிள்ளை சொல்லிவிட்டது. விளையாட்டு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

*

இடைவேளை மணி அடித்தது.

"மிஸ், யாரும் சி... சிரிக்கல."

"எதுக்குச் சிரிக்கணும்? தப்பா சொன்னீங்களா?"

"இல்ல. ஆனா மு... முதல்ல..."

மிஸ் திரும்பி, "ஷெரின், இங்க வா" என்றார். "மாமா என்ன சொன்னாங்க?"

"ட்ரிப்னு சொன்னாங்க."

"அதுக்கு முன்னாடி?"

ஷெரின் கண்ணை மூடி நன்றாக யோசித்தாள்.

"அதுக்கு முன்னாடி லிங்கேஷ் ஜிப்புன்னு சொன்னான்."

கயத்தான் சிறுமியைப் பார்த்தார். சிறுமி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

அவர் மிஸ் பக்கம் திரும்பினார்.

"திக்குறது எப்பம் மிஸ் போகும்?"

"தெரியாது அண்ணாச்சி. நாளைக்கு 'போட்'."

*

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். வேலை மதியத்துக்கு மேல்தான். காலையெல்லாம் வகுப்பில் இருந்தார். பிள்ளைகள் அவருக்கு டக் மாமா என்று பேர் வைத்தார்கள்.

"போட்" என்றார் மிஸ்.

"கோட்."

படார்.

"நோட்."

படார்.

"ரோப்" என்றார் கயத்தான்.

ஒரு திக்கல் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்கியது போல வந்தது. படகு என்றால் அடுத்தது கயிறுதானே, பதினெட்டு வருடமாக.

கைகள் இறங்கவில்லை.

முதலில் லிங்கேஷ் சிரித்தான். பிறகு வகுப்பே சிரித்தது. இரண்டு பேர் தரையில் உருண்டார்கள்.

"டக் மாமாவுக்கு வால் தெரியல! ரோப்பாம்! ரோப்பாம்!"

வாழ்க்கையில் முதல்முறையாக, திக்காமல் பேசியதற்காக அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கயத்தான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மிஸ் பதறிப்போய் எழுந்தார்.

கைகளை எடுத்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

*

பதினோராம் நாள் சாயங்காலம் கயத்தான் தனியாக வந்தார்.

"நாளைக்குப் பரீட்சை மிஸ். பி... பிள்ளைங்களுக்குச் சொல்லித்தந்தீங்க. எனக்குன்னு ஒண்ணும் சொல்லலியே. ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஜெபக்கனி மிஸ் வலது கையைத் தூக்கினார். உள்ளங்கை கீழே பார்த்தபடி, தோள் உயரத்தில் கையை நிறுத்தினார்.

கயத்தான் அவர் பேசுவார் என்று காத்திருந்தார்.

வெளியே பள்ளி வேன் ஹாரன் அடித்தது. அது போய், அடுத்த வேனும் போனது.

மிஸ் பேசவில்லை. கையும் இறங்கவில்லை.

கயத்தான் வணங்கிவிட்டு நடந்தார். அவர் வாசலைத் தாண்டும்வரை அந்தக் கை அங்கேயே நின்றது.

*

பரீட்சைதான். ஆனால் கப்பல் நிஜம்.

நிலக்கரி இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு உயரமாக நின்றது. அதைத் துறையிலிருந்து பிரித்து வெளியே திருப்பிவிட வேண்டும். மேல்தளத்தில் வேறு ஊரிலிருந்து வந்த அதிகாரி. அவருக்குக் கயத்தானைத் தெரியாது. இவ்வளவு தூரத்திலிருந்து கயத்தானின் முகமும் தெரியாது. காதில் விழுவது மட்டும்தான் கணக்கு.

சுக்கான் அறையில் கயத்தானுக்குப் பின்னால் மாஸ்டர் இன்னாசி நின்றார். கையை முன்னால் நீட்டியிருந்தார். போன இரண்டு தடவையும் பாதியில் வயர்லெஸ்ஸை வாங்கிக்கொண்டவர் அவர்தான்.

கரகரவென்று குரல் வந்தது.

"டக் ஃபோர், புல் ஈஸி. ஓவர்."

மெதுவாக இழு என்று அர்த்தம்.

கயத்தான் பட்டனை அழுத்தினார்.

"ட்..."

நின்றது.

"ட்... ட்..."

"குடுலே" என்றார் இன்னாசி. "கப்பல் நிக்குதுல்லா."

விரல் மேலே வரப் பார்த்தது. அது பழைய பழக்கம். கயத்தான் விரலைப் பார்த்தார். நகம் வெளுக்கும்வரை அழுத்தினார்.

"ட்... ட்... ட்..."

துறைமுகம் முழுக்க அதைக் கேட்டது. கிரேன்காரர் கேட்டார். சுங்க அலுவலகம் கேட்டது. மற்ற மூன்று படகுகளும் கேட்டன. கேட்கட்டும்.

"ட்... டக் ஃபோர். ப்... ப்... புல் ஈஸி. ஓவர்."

விரலை எடுத்தார்.

படகு மெல்ல இழுத்தது. கயிறு தண்ணீரிலிருந்து எழுந்து, சொட்டச் சொட்ட விறைத்து நேரானது. கப்பலுக்கும் துறைக்கும் நடுவே ஒரு விரற்கடை தண்ணீர் தெரிந்தது. பிறகு ஒரு முழம். பிறகு ஒரு தெரு அகலம்.

"டக் ஃபோர், புல் ஹாஃப். ஓவர்."

இனி பாதி வலுவில் இழு என்று அர்த்தம். அதிகாரியின் குரல் கொஞ்சமும் மாறவில்லை. உத்தரவு போனது, முழுதாகத் திரும்பி வந்தது, அடுத்ததைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இரண்டாவதில் ஓர் இடத்தில் திக்கியது. நான்காவதில் இரண்டு இடத்தில். ஏழாவது, திக்கலே இல்லாமல் நழுவிப் போனது. எட்டாவதில் மறுபடி நின்றது, நகர்ந்தது, முடிந்தது.

இன்னாசியின் நீட்டிய கை எப்போது சட்டைப்பைக்குள் போனது என்று அவருக்கே தெரியாது.

பத்தாவது உத்தரவு, கயிற்றை விடு.

கயத்தான் அதைச் சொன்னார். ஓவர் என்றார். கயிறு விழுந்தது. கப்பல் மூக்கைக் கடல் பக்கம் திருப்பி ஒரு நீளமான சங்கு ஊதிற்று.

வயர்லெஸ்ஸில் அதிகாரி ஆங்கிலத்தில் பேசினார். பத்து உத்தரவும் முழுதாக வந்து சேர்ந்தன. பாஸ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. ஒரே ஒரு விஷயம். நடுநடுவே ஏதோ தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. வயர்லெஸ் செட்டில் கோளாறா? ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லட்டுமா? ஓவர்.

இன்னாசி காதருகில் குனிந்தார். முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஆமான்னு சொல்லிரு, கயத்தான். செட்டு பழசுதானே. யாருக்குத் தெரியப்போகுது?"

கயத்தான் பட்டனை அழுத்தினார்.

"ந்... ந்... நோ சார். செட் இஸ் குட். தட் வாஸ் மீ. ஓவர்."