எழ முடியாத ஊர்கள்

மழை குறைந்த செம்பியச் சீமையை முன்னொரு காலத்தில் மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். மனசு குளிர்ந்தால் யானையைப் பரிசாகக் கொடுப்பார். கோபம் வந்தால் அதே யானையை விட்டு மிதிக்கச் சொல்வார். அவருடைய மந்திரி வயிரவநாதர் புத்திசாலி. அதனாலேயே தளவாய் கொம்பையாவுக்கு அவரைக் கண்டால் ஆகாது.

ஒரு சித்திரையில் ராஜா கோட்டை கட்ட ஆள் கேட்டார். பல ஊர்களிலிருந்து ஆளே வரவில்லை. எல்லாருக்கும் நரம்புச்சிலந்தி நோய் என்று சேதி வந்தது. காலில் கொப்புளம் வெடித்து, வெள்ளை நூல் மாதிரி புழு வெளியே வரும். மாசக்கணக்கில் எழுந்திருக்க முடியாது.

"எல்லாம் நடிப்பு, மகாராஜா," என்றான் தளவாய். "நாலு சவுக்கடி கொடுத்தால் ஓடிவருவார்கள்."

சுனைக்காட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த வயிரவநாதரின் தங்கை பவளாயியும் அதே புழுவோடுதான் படுத்துக்கிடந்தாள்.

"பத்து நாள் கொடுங்கள், மகாராஜா. நடிப்பு என்றால் முதல் சவுக்கடி எனக்கு," என்றார் மந்திரி.

"அப்படியே ஆகட்டும். தளவாய், சவுக்கை எண்ணெயில் ஊறப்போடு!"

மந்திரி ஊர் ஊராகப் போனார். சுனைக்காட்டில் தங்கை படிக்கிணற்றில் தவழ்ந்து இறங்கி, தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தீயா எரியுது அண்ணே. தண்ணியில வச்சாத்தான் கொஞ்சம் ஆறுது. எல்லாரும் இப்படித்தான்."

"குடிக்கிற தண்ணி?"

"இதே கிணறுதான். வேற எங்க போறது?"

கயிறு கட்டி இறைக்கிற ஊர்களில் ஒருவருக்கும் இந்த நோய் இல்லை. சுனைக்காட்டிலேயே தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்த ஒரு நெசவாளி வீட்டிலும் இல்லை.

பத்தாம் நாள் அரண்மனை முற்றத்தில் கோலமாவால் நாட்டையே வரைந்தார் மந்திரி. ஊருக்குப் பத்துப் பேராக வண்டியில் வரவழைத்து, அவரவர் ஊர் இருக்கும் இடத்தில் உட்காரவைத்தார். ராஜா வரும்போது எழாதவனுக்குக் கசையடி என்பது சட்டம். முரசு கொட்டியது. ராஜா மேல்மாடத்துக்கு வந்தார்.

மேற்கே இருந்தவர்கள் சட்டென்று எழுந்தார்கள். கிழக்கே இருந்தவர்கள் தரையில் கையூன்றித் தவித்தார்கள். ஒரு பெரியவர் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து எழுந்தவர், அலறிக்கொண்டு விழுந்தார்.

"கசையடிக்குப் பயந்தாவது எழுந்திருக்க மாட்டார்களா, தளவாயே?" என்றார் மந்திரி. பிறகு அண்ணாந்து, "மகாராஜா, விழுந்துகிடப்பது எந்தெந்த ஊர் என்று பாருங்கள்."

ராஜா விரல்விட்டு எண்ணினார். பதினேழாவது ஊரில் விரல் நின்றது.

"அங்கெல்லாம்... பழைய கிணற்றைத் தூர்த்துவிட்டு நான் படிக்கிணறு கட்டிக்கொடுத்தேன். அழகாக இருக்கட்டும் என்று."

"அந்தப் படியில் இறங்கித்தான் புழு வந்த காலைத் தண்ணீரில் வைக்கிறார்கள், அதையே ஊரே குடிக்கிறது, மகாராஜா," என்றார் மந்திரி.

"இந்த நோய் அவர்கள் செய்த பாவம்!" என்று கத்தினான் தளவாய்.

மந்திரி ஒரு சொம்பை நீட்டினார். "சுனைக்காட்டுத் தண்ணீர். பாவம் செய்யாத நீங்கள் குடியுங்கள்."

தளவாய் சொம்பை உதடுவரை கொண்டுபோனான். கீழே வைத்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

ராஜா இறங்கிவந்து, அந்தப் பெரியவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். படிகளை அடைத்து, கயிறு கட்டி இறைக்க ராட்டினம் போடவும், வீட்டுக்கு வீடு வடிகட்டத் துணி கொடுக்கவும் உத்தரவிட்டார். "சவுக்கை வைத்துவிட்டுப் போய்க் கல் சுமந்து படியை அடை," என்றார் தளவாயிடம். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

"இனி யாரும் விழமாட்டார்கள் அல்லவா?"

"விழுவார்கள், மகாராஜா. அந்த ஊர்களுக்கு வந்த மருமகள்களை விசாரித்தேன். வந்த வருஷம் ஒன்றுமில்லை. அடுத்த வருஷம்தான் புழு வருகிறது. நேற்றுக் குடித்தவர்களுக்கு இனிமேல்தான் வரும்."

அப்படியே விழுந்தார்கள். பவளாயிக்குப் புழு பாதியில் அறுந்து, கால் புரையோடி, அந்த ஆடியிலேயே போய்ச் சேர்ந்தாள். சுனைக்காட்டுக்கு ராட்டினம் ஆவணியில் வந்தது.

மூன்றாம் வருஷம் மந்திரி அங்கே போனார். கம்பங்கொல்லைக்குக் களையெடுக்கப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி காலையும் பார்த்தபடி நின்றார். ஒருத்திகூட நொண்டவில்லை.

"யாரைத் தேடுறீங்க, சாமி?" என்று கேட்டாள் கடைசியாக வந்த பெண்.

"யாரையும் இல்லம்மா," என்றார் அவர். "நீ நட."