எல்லாருக்கும் புரிந்த தண்டோரா

பூவாற்றூர் ராஜாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். கோபத்தில் ஒரு வார்த்தை சொல்வார், உடனே மறந்துவிடுவார். அவருக்கு ஓலை எழுதும் வித்யாநாதப் பண்டிதருக்கு அதைவிடக் கெட்ட பழக்கம். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு மாதம் உட்கார்ந்து அலங்காரம் பண்ணுவார். அப்புறம்தான் தண்டோரா.

ஒருநாள் காலையில் ஆட்டுக்காரி செம்பாயி அரண்மனை வாசலில் அழுதுகொண்டு நின்றாள். சபையில் குறும்புக்குப் பேர்போன தென்னவராயர் அந்த வழியாக வந்தார்.

"என்னம்மா அழுகை?"

"ஆட்டையெல்லாம் காவக்காரங்க பிடிச்சுட்டாங்க சாமி. ஆணையை மீறிட்டேனாம். மத்தியானம் அரண்மனைக் குழம்புல போடப்போறாங்களாம். அதுங்க போச்சுன்னா நானும் என் பிள்ளைகளும் மண்ணைத்தான் திங்கணும்."

"நேத்து தண்டோரா போட்டாங்களே, கேக்கலையா?"

"கேட்டேனே! நல்லாத்தான் இருந்துச்சு. ஏதோ சாமி மந்திரம்னு கன்னத்துல போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

ராயர் சிரிக்கவில்லை. நேரே சபைக்குள் போனார். ஆடு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"மகாராஜா, நேற்றுப் போட்ட தண்டோரா புரியவில்லை என்று ஊரில் ஒரு முட்டாள் ஜென்மம் சொல்கிறது."

"பாமர ஜனம்!" என்றார் பண்டிதர். "படித்த சபைக்குப் புரியும்." தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "ராஜவீதியின்கண் சிருங்கதாரிகளாம் அஜகணத்தின் சதுஷ்பாத சஞ்சாரம் சர்வதா நிஷித்தமாம்!"

"ஆஹா!" என்றார் மந்திரி. "ஆஹாஹா!" என்றார் தளபதி. புரியாதவன் என்று பெயர் வாங்க யாருக்கு ஆசை? ராஜாவும் தலையை ஆட்டினார்.

"எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்டார் ராயர்.

"புரிந்தது, புரிந்தது!"

"அப்படியானால் இந்த நிமிஷமே அதன்படி நடந்து காட்டுங்கள். பார்த்துவிட்டுப் போய் அந்த முட்டாளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்."

மந்திரி மெல்ல எழுந்து நின்றார். அதைப் பார்த்துவிட்டு, நின்றிருந்த பொக்கிஷக்காரர் உட்கார்ந்தார். தளபதி வாளை உருவினார். வேறு யாரும் உருவவில்லை என்றதும் மறுபடி உறையில் போட்டார். புரோகிதர் கண்ணை மூடிக்கொண்டார். கெட்டிக்காரர். ராஜா ஓரக்கண்ணால் நாலு பக்கமும் பார்த்தார். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "ஐயோ, என்ன பண்றீங்க எல்லாரும்? ராஜவீதியில ஆடு ஓட்டக் கூடாது! அவ்வளவுதான்!"

"இப்ப எனக்கே புரியுது," என்றார் ராயர். "இதையே நேற்றுச் சொல்லியிருந்தால் செம்பாயியின் ஆடுகள் இன்று அரண்மனைப் பட்டியில் அடைபட்டிருக்காது. புரியாமல் நடந்தது குற்றம் என்றால், மகாராஜா, இந்தச் சபையையும் பட்டியில்தான் அடைக்க வேண்டும்."

ராஜா ஆடுகளை அவிழ்த்துவிடச் சொன்னார்.

"இனிமேல் எந்தத் தண்டோராவானாலும் முதலில் செம்பாயிக்குப் படித்துக் காட்டணும். அவள் தலையாட்டினால் போதாது. என்ன சொன்னோம் என்று திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் ஊருக்கு."

பண்டிதர் ஆவலோடு எழுத்தாணியை எடுத்தார்.

"நீர் எழுத வேண்டாம்," என்றார் ராஜா அவசரமாக.

சபை கலைந்தது. ராஜா மட்டும் எழுந்திருக்கவில்லை. ராயரைக் கிட்டே கூப்பிட்டுக் காதோடு கேட்டார்.

"ஓய், இந்த ஆணையைப் போட்டது யாரய்யா?"

"நீங்கள்தான் மகாராஜா. போன மாதம் உங்கள் மல்லிகைச் செடியை ஆடு தின்றபோது."

"அப்படியா?" ராஜா குனிந்து கீழே பார்த்தார். "அப்போ நான் செருப்பைப் போட்டுக்கலாமா?"